நிற்க வைத்து எடுத்த படம்

"ஆடாதேன்னு சொன்னேனா இல்லியா? ஆடிட்டான்! போச்சு பிலிமு!"

இருட்டறைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார் பாக்கியநாதன். கையில் தண்ணீர் சொட்டும் ஈரப் படம். புதுவாயல் கூட்டுரோட்டை ஒட்டியிருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ரூம் முழுக்க அவர் ராஜ்ஜியம். மிஷினுக்கு வயதாகிவிட்டது, அவருக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு அவதிப்படுவது நோயாளிகள்தான்.

செங்கம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் தொடையில் தலை வைத்துச் சுருண்டு கிடந்தான் புருஷன் நாகமுத்து. பழவேற்காடு ஏரியில் வீச்சு வலை போடுகிறவன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் அரை நாள் நிற்கிற ஆளுக்கு இப்போது நிமிர்ந்து உட்காரக்கூட முடியவில்லை. வயிறு பானையாக ஊதியிருந்தது. முந்தாநாளிலிருந்து பச்சைப் பச்சையாக வாந்தி.

"வவுத்து வலிக்காரன் ஆடாம இன்னா பண்ணுவான்?" என்றாள் செங்கம்மாள். "நீ படுத்துக்கோ, வவுத்துல நான் ஒரு ஒத ஒதைக்கிறேன். ஆடாம இரு, பாப்போம்."

பாக்கியநாதன் அதைக் காதில் வாங்கவில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "இடுப்புல இன்னா தகரக் கடையா வச்சிக்கினு இருக்கான் உன் ஊட்டுக்காரன்? டாக்டர் எந்த எடத்தப் பாக்கணும்னாரோ அந்த எடத்துலயே வந்து குந்திக்கினு இருக்குது பாரு. ஒண்ணு, ரெண்டு... அஞ்சு!"

"அரைஞாண்ல ரெண்டு தாயத்துதான்யா கீது. அஞ்சு எங்க இருந்து வந்துச்சு?"

"அதான் சொல்றேனே, ஆடிட்டான்னு. ஆடினா ஒண்ணு ரெண்டா உழும்."

ரெண்டு நாலாக விழலாம், அஞ்சாக எப்படி விழும் என்று செங்கம்மாளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் நாகமுத்து மறுபடி ஓங்கரிக்க, அவள் பேசினைத் தேடி ஓடினாள்.

அவளுக்குக் கோபம் ஒருவர் மேல் மட்டும் இல்லை. குப்பத்தில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கச் சொன்னவர்கள் மேல் கோபம். கொடுத்த பிறகு வயிறு இன்னும் உப்பியதும், கண் பட்டிருக்கிறது என்று மிளகாயைச் சுற்றிப் போட்டவர்கள் மேல் கோபம். தோணியில் ஏரியைத் தாண்டி, பொன்னேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இங்கே இன்னொரு பஸ் என்று அவனைச் சாக்கு மூட்டை மாதிரி தூக்கிவந்த பாதையில் இருந்த ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் கோபம். எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம், மடியில் கிடந்த இந்த ஊமைக் கோட்டான் மேல்.

ஊமை இல்லை அவன். பேச வரும். பேசமாட்டான், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் நூறு கேள்வி கேட்டால் ஒன்றுக்கு "உம்" வரும். ஆடி மாதத்தில் ஒருநாள் அவளுக்குப் பொறுத்துப் பொறுத்துப் போதும் என்று ஆகிவிட்டது. அவன் வாசல் பூவரச நிழலில் வலைக்குப் புது ஈயம் கோத்துக்கொண்டிருந்தான். வலையின் விளிம்பு ஒரு கையில், நூல் ஊசி மறு கையில், கோக்க வேண்டிய ஈயக்குண்டுகள் வாயில். எல்லாரும் செய்வதுதான். ஏரிக்கரையில் அடக்கிவைக்க வாயை விட்டால் வேறு ஜேபி கிடையாது. செங்கம்மாள் எதிரில் போய் நின்றாள். சோறு பாதிக்குப் பாதி மிஞ்சுவதை அவள் பார்த்திருந்தாள். கைலி முடிச்சு உள்ளே உள்ளே போவதைப் பார்த்திருந்தாள். சாப்பிட்ட பிறகு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்க் குந்துவதையும் பார்த்திருந்தாள்.

"வவுறு வலிக்குதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

அவன் தலை நிமிரவில்லை.

"இன்னிக்கி நீ பதில் சொல்லாம நான் இந்த எடத்த உட்டு நவுர மாட்டேன். வலிக்குதா?"

"இல்ல!" என்றான் அவன், படாரென்று. உடனே இருமினான். இருமிக்கொண்டே எழுந்து போய்ச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். அன்று சாயந்திரம் வரைக்கும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டான் என்றுதான் அவள் நினைத்தாள். இல்லை என்றால் இல்லை, எப்படியோ போ என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது ஆவணி. இல்லை என்று சொன்ன வயிறு இதோ ஊதிக்கொண்டு கிடக்கிறது.

டாக்டர் தணிகாசலம் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஆபரேஷன் செய்கிற டாக்டர் அவர். அதிர்ந்து பேசாத மனிதர். காலையில் வந்ததிலிருந்து அவர் கேட்டது ஒரே கேள்விதான். இப்போதும் அதையே கேட்டார்.

"காத்து பிரிஞ்சுதா?"

செங்கம்மாளுக்கு முதலில் வெட்கமாக இருந்த கேள்வி இப்போது எரிச்சலாக இருந்தது. "இல்ல டாக்டரே. எத்தினி தபா கேட்டாலும் இல்லதான்."

டாக்டர் ஈரப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு அவளுக்குப் புரியும்படி சொன்னார். குடலில் எங்கேயோ அடைப்பு இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். அடைப்பு என்றால் அதற்கு மேலே காற்றும் தண்ணீரும் தேங்கும். படுக்க வைத்து எடுத்தால் இரண்டும் கலந்து ஒரே புகையாகத் தெரியும். நிற்க வைத்து எடுத்தால் தண்ணீர் கீழே நிற்கும், காற்று மேலே ஏறும். குளத்துப் படி மாதிரி மட்டம் மட்டமாகக் கோடு தெரியும்.

"கோடு தெரிஞ்சா இப்பவே வயித்தைத் திறக்கணும். தெரியலேன்னா வேற வைத்தியம். தெரியாம நான் கத்தி வைக்க முடியாது. மெட்ராசுக்கு அனுப்பலாம்னா, போய்ச் சேர்றதுக்குள்ள குடல் அழுகிடுமோன்னு பயமா இருக்கு. அதனால இன்னொரு படம். நிக்க வச்சு."

"அந்தத் தகரத்தக் கயட்டாம நான் எடுக்க மாட்டேன் சார்" என்றார் பாக்கியநாதன். "பிலிமு இன்னா மரத்துலயா காய்க்குது? கரண்டும் பன்னெண்டரைக்குத்தான் வரும்."

கரண்டு இருக்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த காம்பவுண்டில் ரைஸ்மில் ஓடும்போது மிஷின் முனகும், படம் பேய் பிடித்ததுபோல் வெளுத்துப்போகும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் முளைக்கத் தொடங்கியதிலிருந்து இந்தத் தொல்லை இன்னும் கூடிவிட்டது. மில் சாப்பாட்டுக்கு நிற்கிற அரைமணி நேரந்தான் பாக்கியநாதனுக்கு நல்ல நேரம். அது முடிந்தால் மறுபடி மில்தான். பிறகு விளக்கு வைக்கும் வரை எதுவும் ஆகாது.

கழற்று என்று சொல்வது சுலபம். நாகமுத்துவின் அரைஞாண் கறுப்புக் கயிறு. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அதன் முடிச்சு கல்லாகிவிட்டது. வயிறு ஊதியதில் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. மேலே தூக்கவும் முடியாது, கீழே இறக்கவும் முடியாது. அறுத்தால்தான் உண்டு.

"அறுக்கறதா?"

வராந்தா மூலையில் நின்றிருந்த குப்பன் முன்னால் வந்தார். நாகமுத்துவின் அண்ணன். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தவர். அந்தக் குடும்பத்து ஆண்களுக்கே அது வழக்கம். "ஆம்பளைக்கு அரைஞாண அறுக்கறது எப்பன்னு தெரியுமா டாக்டரே? குளிப்பாட்டி, கோடி போத்தி, பாடையில ஏத்தறதுக்கு முந்தி. உசிரோட இருக்கறவனுக்கு அறுப்பாங்களா?"

"எனக்குத் தாயத்து மேல ஒரு சண்டையும் இல்லப்பா..."

"புதுசைக் கட்டிட்டுத்தான் பழச அறுக்கணும். ஒரு நிமிசம்கூட வெறும் இடுப்பா இருக்கக் கூடாது."

"கட்டுங்க! யாரு வாணாம்னாங்க?" என்று கத்தினார் பாக்கியநாதன். "நூலு படத்துல தெரியாது. தகரந்தான் தெரியும். போய் வாங்கிக்கினு வா, ஓடு!"

குப்பன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு ஓடினார். புதுவாயல் கூட்டுரோட்டில் டீ கிடைக்கும், பீடி கிடைக்கும், லாரிக்குப் பஞ்சர் ஒட்டலாம். அரைஞாண் கயிறு கிடைக்குமா என்பது அங்கே போன பிறகுதான் தெரியும்.

பன்னிரண்டரைக்கு ரைஸ்மில் நின்றது. சட்டென்று ஊரே அமைதியானது போல் இருந்தது. குப்பன் வரவில்லை. பாக்கியநாதன் மிஷினைப் போட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. குப்பன் வரவில்லை. செங்கம்மாள் கேட்டுக்கு ஓடிப் பார்த்தாள். வெயிலில் லாரிகள்தான் போய்க்கொண்டிருந்தன. கும்மிடிப்பூண்டி வரைக்கும் போய்விட்டாரோ என்னவோ. திரும்பி வந்தாள். மறுபடி ஓடினாள்.

"யம்மா, மில்லு மறுபடி ஓட ஆரம்பிச்சா நான் பொறுப்பில்ல" என்றார் பாக்கியநாதன். அவர் குரலிலும் இப்போது கத்தல் குறைந்திருந்தது. ஒரு கத்திரிக்கோலை மேசைமேல் வைத்தார். "நான் அறுக்க மாட்டேன். நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எம்மேல சொல்லுவீங்க."

நாகமுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கண் மேலும் கீழும் அலைந்தது. உதடு அசைந்தது.

"இன்னா? சொல்லு. அறுக்க வாணாமா? சொல்லுய்யா!"

அவன் கத்திரிக்கோலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"தூ" என்றாள் செங்கம்மாள். "சாவற நேரத்துலயும் வாய் தொறக்காது இது."

சொன்ன வார்த்தை அவளுக்கே சுரீர் என்று பட்டது. கத்திரிக்கோலை எடுத்தாள். தாலிச் சரட்டை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது, அந்தச் சரடு இதைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியிருக்கலாம். கயிறு லேசில் அறுபடவில்லை. நார் நாராக விட்டது. கடைசி இழை தெறித்தபோது அவன் இடுப்பைச் சுற்றி வெளுப்பாக ஒரு தடம் மட்டும் இருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள் போல் இருந்தது.

"குந்தாதே. புடி அவன, நிறுத்து" என்றார் பாக்கியநாதன்.

மிஷின் பலகையோடு பலகையாக அவனைச் சாய்த்து நிறுத்தினார்கள். ஒரு பக்கம் ஆஸ்பத்திரி ஆயா முத்தம்மா, மறு பக்கம் செங்கம்மாள். அவன் பாரம் முழுக்க அவள் தோளில். "வளையல் கைய வவுத்துக்கு நேரா கொண்டாராதே! தூக்கு மேல! மூச்சப் புடி! ஏய், மூச்சப் புடின்னா அவன்தான் புடிக்கணும், நீ இல்ல!" நாகமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மிஷின் உறுமியது. இந்த முறை அவன் ஆடவில்லை.

அவனைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் பாக்கியநாதன் இருட்டறைக்குள் போனார். வெளியே வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. டாக்டர் படத்தை வாங்கி விளக்குப் பெட்டியில் செருகினார். செங்கம்மாளும் எட்டிப் பார்த்தாள். டாக்டர் சொன்னதுபோலவே கோடு கோடாக, படிக்கட்டுப் போல, ஒன்றன்மேல் ஒன்றாக மட்டங்கள் நின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கே அது தெரிந்தது.

"அடைப்புதான்" என்றார் டாக்டர்.

ஆனால் எல்லாரும் பார்த்தது அதை இல்லை. வலது பக்க அடிவயிற்றில் பளீரென்று வெள்ளையாக மூன்று துண்டுகள், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"இன்னும் எங்கியோ ஒளிச்சு வச்சிக்கினு இருக்கான்!" பாக்கியநாதன் நாகமுத்துவின் மேல் பாய்ந்தார். இடுப்பைத் தடவினார், துணியை உதறினார், முதுகுக்கு அடியில் பார்த்தார். ஒன்றும் இல்லை. அறுத்த அரைஞாண் மேசைமேல் கிடந்தது. அதில் இரண்டு தாயத்தும் பத்திரமாக இருந்தன.

செங்கம்மாள் அந்தக் கயிற்றைப் பார்த்தாள். அறுத்தும் போகவில்லையே. அப்படியானால் எதற்கு அறுத்தேன்?

டாக்டர் குனிந்து நாகமுத்துவின் காதருகில் கேட்டார். "எதையாவது முழுங்கினியாப்பா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஈயம்" என்றான்.

"எப்போ?"

"அன்னிக்கி... இவ கேட்டா. வவுறு வலிக்குதான்னு. இல்லேன்னேன். உள்ள போயிடுச்சு."

முத்தம்மா "அடப் பாவி மனுசா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"சொல்றதுக்கு இன்னாய்யா?" செங்கம்மாளின் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "அன்னிக்கே சொல்லியிருந்தா? இப்பவாவது, அந்தக் கத்திரிய நான் கையில எடுக்கறப்பவாவது?"

"சிரிப்பாங்க" என்றான் அவன். "வலக்காரன் ஈயத்த முழுங்கிட்டான்னு... ஏரி முச்சூடும் சிரிக்கும். சாவற வரைக்கும் ஈயம்னுதான் கூப்புடுவானுங்க."

அதற்காகவா! அதற்காகவா நான் என் கையால்! அவளுக்கு அவனை அந்தக் கட்டிலோடு சேர்த்துக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது. டாக்டரிடம் திரும்பி, "கொண்டு போங்க. கிழிங்க. உள்ள இன்னும் இன்னா இன்னா முழுங்கி வச்சிக்கீதோ எல்லாத்தியும் எடுங்க" என்றாள். சம்மதக் காகிதத்தில் பெருவிரலை அழுத்தி வைத்தாள். ஸ்ட்ரெச்சர் நகரும்போது ரைஸ்மில் மறுபடி உறுமத் தொடங்கியது.

குப்பன் அதற்குப் பிறகுதான் வந்தார். சட்டை முழுக்க வேர்வை. கையில் புதுக் கறுப்புக் கயிறு. மேசைமேல் கிடந்ததைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அறுத்துட்டியா! எந்தம்பிய உசிரோட அறுத்துட்டியா!" என்று வராந்தா அதிரக் கத்தினார். செங்கம்மாள் அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும் வரை அந்த முடிச்சை விடவே இல்லை. ஈயத்தின் கதையைக் குப்பனிடம் முத்தம்மாதான் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

டாக்டர் வந்து சொன்னது இது. குடலில் காசநோய். நெஞ்சில் மட்டுந்தான் காசம் வரும் என்று இல்லை. பல மாதமாக அது குடலைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறது. சாப்பிட்டதும் வலித்தது அதனால்தான். அந்தச் சின்ன வழியில் ஈயம் போய் வாசலை அடைத்துக்கொள்ள, அதன்மேல் சாப்பாடு வந்து சேர்ந்திருக்கிறது. கெட்ட பாகத்தை வெட்டி, நல்லதை நல்லதோடு தைத்தாயிற்று. இனிமேல் ஊசியும் மாத்திரையும் ரொம்ப காலத்துக்கு.

"பொழச்சுக்குவானா?"

"காத்து பிரியட்டும். பிறகு சொல்றேன்."

மறுபடியும் அதே காற்று! அடுத்த இரண்டு நாளும் செங்கம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோர்ட்டில் வக்கீல் கேட்பதுபோல் மணிக்கொரு தரம் கேட்டாள். பிரிஞ்சுதா? அவன் தலையாட்டுவான், இல்லை என்று. பொய் சொல்றியா? இல்லை என்று அதற்கும் தலையாட்டுவான். இவன் இல்லையை எதை வைத்து நம்புவது? மூன்றாம் நாள் காலை, அவள் கேட்க வாயைத் திறந்தபோதே, வார்டு முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது. எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கை தட்டினார். முத்தம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் வந்தது அவள் கல்யாண வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. செங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

பாக்கியநாதன் ஒருநாள் வார்டுக்கு வந்தார், சின்னப் பெனிசிலின் குப்பியோடு. உள்ளே மூன்று ஈயக்குண்டுகள். "டாக்டர் குடுக்கச் சொன்னாரு" என்றவர், போகாமல் நின்றார். "அஞ்சுன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

"ஆடிட்டான்னும் நீதான்யா சொன்னே."

அவர் குப்பியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தையல் பிரித்த அன்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். புதுக் கயிறு அவள் வேர்வையில் நிறம் மங்கியிருந்தது. தாயத்து எதையும் கோக்கவில்லை. வெறும் கயிறு. அவனை மெல்ல எழுப்பி, கட்டில் ஓரத்தில் நிற்க வைத்தாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் குனிந்து, தழும்புக்குக் கீழே கயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்தாள். வெளுத்த தடம் அப்போதும் இருந்தது. கயிறு அதே இடத்தில் போய் உட்கார்ந்தது.

முடிச்சை இழுத்தபோது அவன் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது.

"வலிக்குதா?" என்றாள், நிமிராமலே.

"இல்..." என்று தொடங்கினான். நிறுத்தினான். அவள் கை முடிச்சிலேயே நின்றது. மேலே அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"வலிக்குது, செங்கம்மா" என்றான் நாகமுத்து. "ரொம்ப நாளா வலிக்குது."